வேப்பமரத்துச் சேதி

1

எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் படிக்கிற அதே கொட்டகை, அதே பலகை. வாத்தியாருக்கு இருபத்திரண்டு வயசு. எனக்கு முப்பத்தெட்டு. வெளியே அவரைத் தம்பி என்பேன். கொட்டகைக்குள் சார் என்பேன். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

சில மாதங்களுக்கு முன் அவர் பலகையில் ஒரு தலைப்பு எழுதிப் போட்டார். 'பத்திரிகை, தர்மம், பக்தி: ஒரு மாணவனின் எண்ணங்கள்.' ஏழு பேர் இருந்தோம்.

"ஒரு பக்கம் போதும். மனசுல பட்டத எழுதுங்க," என்றார்.

பக்கத்தில் இருந்த மாரி என் காதருகே வந்து, "மாணவரே, உனக்கென்னப்பா? வாராவாரம் பேப்பரு படிக்கிறவன் நீ. எங்க பாடுதான் திண்டாட்டம்," என்றான்.

தலைப்பை எழுதினேன். கீழே ஒன்றும் வரவில்லை. எல்லோரும் போன பிறகு வாத்தியார் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே, ஒண்ணுமே இல்லையே?"

"இருக்கு தம்பி. ஒரு பக்கத்துல அடங்காது."

"அடங்குற மட்டும் எழுதுங்க. எழுதி ஊருக்கு அனுப்புங்க. அங்க இருக்கவுங்க படிக்கட்டும்."

அதனால் எழுதுகிறேன். நாலாவதோடு நின்றவன் நான். வளைத்து எழுதத் தெரியாது. ஊர்ப் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

2

இது மலாய் நாடு, கெடாப் பக்கம். ரப்பர் தோட்டம். வந்து பத்து வருஷம் ஆகிறது. விடியும்போது மரத்தடியில் இருக்க வேண்டும். உளியால் பட்டையில் கோடு இழுத்தால் பால் இறங்கும். அடுத்த மரம். வெயில் ஏறியதும் வாளியோடு வந்து பாலை எடுத்து ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை. அவ்வளவுதான் இங்கத்துப் பிழைப்பு.

லயத்தில் நாங்கள் இருபது குடும்பம். லயம் என்றால் ஒரே கூரை போட்ட நீள வீடு, குடும்பத்துக்கு ஒரு அறை. அதில் பத்திரிகை படிக்கிற அளவுக்கு எழுத்துத் தெரிந்த கூலி நான் ஒருவன்தான். ஊரிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகை மூன்று வாரம் பழசாகி எங்கள் கைக்கு வரும். அதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் சத்தமாகப் படிப்பேன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். யார் செத்தார்கள், எங்கே மழை, என்ன விலை என்று எல்லாமே அவர்களுக்கு என் வாயிலிருந்துதான். நான் படித்தால் அது நடந்தது.

இந்த வருஷம் சித்திரை முடிந்த சமயம் ஒரு நாள் படித்துக்கொண்டே வந்தேன். நாலாம் பக்கத்தில் ஒரு சின்னச் சேதி. சமயநல்லூருக்கு அடுத்த ஒரு கிராமத்தில், பால் வடிந்த வேப்பமரத்தடி அம்மனுக்கு ஆண்டுத் திருவிழா சிறப்பாக நடந்ததாம். பத்து வருஷத்துக்கு முன்னால் அங்கே பார்வையில்லாத மூதாட்டி ஒருத்தி அந்தப் பாலைத் தொட்டு வைத்துக் கண்ணொளி பெற்ற அற்புதம் வாசகர்கள் அறிந்ததே என்று போட்டிருந்தது.

வாய் பாட்டுக்குப் படித்துவிட்டது. படித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று தெரிந்தது.

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் மகள் வள்ளிக்கு ஒன்பது வயசு. இங்கேயே பிறந்தவள். அவள் கேட்டாள்.

"அப்பா, அந்த மரத்துக்கு யாரு உளி போட்டா?"

"யாரும் போடல. தானா வடிஞ்சுச்சு."

"உளி போடாம எப்படிப் பால் வரும்? உங்க ஊரு ஆளுக யாராச்சும் போட்டிருப்பாக."

நம்ம ஊர் என்று அவளுக்கு வாயில் வராது. உங்க ஊர்தான். நான் திருத்துவதை விட்டுப் பல நாள் ஆகிறது.

அப்போது பேச்சியம்மா, "அண்ணே, அந்தக் கண்ணு தெரிஞ்ச எடத்த இன்னொருக்கா படிண்ணே," என்றாள்.

பேச்சி கல்லுப்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை. ஸ்டோரில் பாலை உறைய வைக்கத் திராவகம் கலக்கிறவள். அது தெறித்து ஒரு கண் வெள்ளையாகிவிட்டது. மற்றக் கண்ணும் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் டவுனுக்குப் போகச் சொல்லிவிட்டார். அங்கே கத்தி வைத்தால் ஒரு கண்ணாவது தப்பும், இந்த மாசத்துக்குள் போகணும் என்றார். போவதற்குத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கையெழுத்துப் போட்ட சீட்டும் வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

இன்னொரு தரம் படித்தேன்.

3

அந்த மூதாட்டி யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆத்தா. அவளுக்குக் கடைசி வரைக்கும் கண் தெரியவே இல்லை.

சமயநல்லூர் ஸ்டேஷனில் பத்திரிகைக் கட்டு இறங்கும். அதை எடுத்து நாலைந்து ஊர்களுக்கு நடந்து கொடுத்துவருவது அப்போது என் வேலை. மற்ற நாள் வயலில் கூலி. நாங்கள் சேரி. ஊர்த் தெருவுக்குள் நான் போகலாம், பத்திரிகைக்காக. வாசலில் போட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். வீட்டுக்காரர் வந்து எடுத்துக்கொண்டு உள்ளே போவார். நான் தொட்ட காகிதத்தைத் தண்ணீர் தெளிக்காமல்தான் எடுப்பார்கள். கூடத்தில் உட்கார்ந்து மடியில் விரித்துப் படிப்பார்கள். காகிதத்துக்குத் தீட்டு கிடையாது என்று அவர்களே வைத்திருந்தார்கள்.

தினமும் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு எண்ணம் விழுந்தது. நான் போக முடியாத இடத்துக்கு அச்சு போகிறது. எங்கள் தெருப் பேரும் அச்சில் வந்தால் அதுவும் உள்ளே போகும். பிறகு நாங்களும் போவோம். இப்படி நினைத்தேன். வேறு யாரும் இப்படி நினைத்திருக்க மாட்டார்கள். கட்டுச் சுமந்தவன் நினைப்பு அது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வேம்பு. பண்ணையார் தோப்பின் ஓரத்தில் நின்றது. ஆத்தா செவ்வாய்க்கிழமை தோறும் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள். மஞ்சள் பூசுவாள். வேறு கோயிலுக்கு எங்களை விடமாட்டார்கள். அவள் கேட்டதும் இல்லை. ஒரு ஆவணி மாதம் அந்த மரத்தில் பால் வடிந்தது. நுரைத்து வெள்ளையாக, கவட்டிலிருந்து வேர் வரைக்கும். ஆத்தாவுக்குக் கண் தெரியாது. விரலில் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். கும்பிட்டாள். வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

மறுநாளே நான் மதுரைக்குப் போனேன். பத்திரிகைக்குச் சேதி எழுதிப் போடுகிறவர் ஒருவர் மேலமாசி வீதிப் பக்கம் இருந்தார். பகலில் ஆபீஸ் வேலை. மிச்ச நேரத்தில் நிருபர். கெட்டவர் இல்லை. பேச்சு எல்லாம் ஜன்னல் வழியாகத்தான். அவர் உள்ளே, நான் தெருவில்.

"சாமி, எங்க தெரு வேப்பமரத்துல பால் வடியுது."

அவர் தலை நிமிரவில்லை. "அது அங்கங்க நடக்கறதுதானேப்பா. போன மாசம் கூட ரெண்டு வந்தது. வேற ஏதாவது விசேஷம் உண்டா?"

ஆறு மைல் நடந்து போயிருந்தேன்.

"எங்க ஆத்தாவுக்குக் கண்ணு தெரிஞ்சிருச்சு சாமி."

நிமிர்ந்தார். "நிஜமாவா?"

"நிசம் சாமி. பால தொட்டு வச்சா. மறுநாளே தெரிஞ்சிருச்சு."

பேனாவை எடுத்தார்.

4

நாலாம் நாள் அச்சில் வந்தது. கட்டை நானே சுமந்தேன். சமயநல்லூர் அருகே என்று போட்டிருந்தது. ஒரு தோப்பில் என்று போட்டிருந்தது. எங்கள் தெரு இல்லை. பார்வையற்ற மூதாட்டி என்று இருந்தது. பேர் இல்லை. இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்.

ஜனங்கள் வந்தார்கள். மதுரையிலிருந்து வில்வண்டி வந்தது. எங்கள் தெரு வழியாகத்தான் வந்தாக வேண்டும், வேறு பாதை கிடையாது. பட்டுச் சேலை கட்டியவர்கள் எங்கள் வாசல்களைத் தாண்டி நடந்தார்கள். நான் நினைத்தது நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கண் தெரிந்த கிழவி எங்கே என்று கேட்டார்கள். நான் குடிசைக்குள் ஓடினேன்.

"ஆத்தா, கேட்டா ஆமான்னு சொல்லு."

"என்னத்துக்கு ஆமா?"

"கண்ணு தெரியுதுன்னு."

"எனக்குத் தெரியலையேடா."

"சும்மா சொல்லு ஆத்தா. எம்புட்டுப் பேரு வந்திருக்காக, பாரு."

"நான் எங்கிட்டுப் பாக்க?" என்று சிரித்தாள். வெளியே வரவில்லை. வந்தவர்களுக்கு யாராவது ஒரு கிழவி வேண்டும். ஊர்த் தெருவில் ஒரு கிழவி கிடைத்தாள். எனக்குத்தான் கண் தெரிந்தது என்று அவள் உட்கார்ந்து சொன்னாள். நான் சொன்ன பொய் என் கையிலேயே நிற்கவில்லை.

பிறகு பண்ணையார் ஆட்கள் தோப்புக்குள் வேறு பாதை வெட்டினார்கள். ஊர்ப் பக்கமிருந்து நேராக மரத்துக்கு. பத்திரப்படி மரம் தோப்போடு சேர்ந்தது என்றார்கள். எங்கள் பக்கம் சுவர் எழும்பியது. அம்மன் இருக்கிற இடம், சுத்தம் வேண்டும் என்றார்கள். ஆளுயரம். நாலு நாளில் கட்டி முடித்துவிட்டார்கள்.

நான் ஆத்தாவிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் பாட்டுக்குக் குடத்தோடு போனாள். பின்னாலேயே போனேன். இத்தனை அடி என்று அவளுக்குக் கால் கணக்கு உண்டு. வழக்கமான இடத்தில் நின்று கையை நீட்டினாள். செங்கல் தட்டுப்பட்டது. இந்தப் பக்கம் தடவினாள். அந்தப் பக்கம் தடவினாள்.

"இது என்னடா?"

"சுவரு."

"யாரு கட்டுனது?"

"ஊரு."

"எதுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். நிருபர், பத்திரிகை, கண் தெரிந்த கதை எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் யாருக்கும் சொல்லலையே. நீ ஏன்டா சொன்ன?"

அவள் கோபப்பட்டிருக்கலாம். கேள்வி மட்டும்தான் கேட்டாள். பிறகு குடத்தைச் சரித்துச் சுவரடியில் ஊற்றினாள்.

"வேரு இந்தப் பக்கமும் ஓடும்," என்றாள்.

5

மறுபடி மதுரைக்குப் போனேன். அதே ஜன்னல்.

"சாமி, சுவரு வச்சுட்டாக. மரம் எங்க தெருவுது. எங்க ஆத்தா தண்ணி ஊத்துன மரம். அதப் போடுங்க சாமி."

"எதைப் போடறது?"

"சுவரு வச்சத."

பேனாவை மூடி வைத்தார். அவருக்கும் சங்கடம்தான் போல.

"இதபாரு. மரத்துல பால் வடிஞ்சா சேதி. சேரிப் பக்கம் சுவர் வச்சா, அது ஊர் வழக்கம். வழக்கத்த எப்படிப்பா சேதின்னு போடுவேன்?"

"அப்ப கண்ணு தெரிஞ்சது பொய்யின்னு போடுங்க. நான்தான் சொன்னேன்னு போடுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "பொய்யா? அத அன்னைக்குல்ல சொல்லியிருக்கணும்? இப்ப அம்மன் விஷயம். ஜனங்க மனசு புண்படும்." பிறகு, "போ, போய் வேலையைப் பாரு," என்று ஜன்னலைச் சாத்தினார்.

அவர் பேரில் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் கேட்டார், நான் கொடுத்தேன். விசேஷம் உண்டா என்று கேட்கிறவரிடம் விசேஷம்தான் போய்ச் சேரும். ஆத்தா தண்ணீர் ஊற்றிய வருஷங்கள் அவருக்கு எந்தக் கணக்கிலும் வராது.

அதன் பிறகு கட்டுச் சுமக்கப் பிடிக்கவில்லை. மலாய் நாட்டுக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு நாகப்பட்டினம் டிப்போவுக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு குமாஸ்தா பாரம் என்ற அச்சுத்தாளை நிரப்பினார். பேர், ஊர், அப்பன் பேர், உடம்பில் அடையாளம். மதம் என்ற இடம் வந்தது. நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் காத்திருக்கவில்லை. இந்து என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். கோயிலுக்குள் சேர்க்காதவர்கள் பாரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஏன் போகிறாய் என்றும் கேட்டார். வேலைக்கு என்றேன்.

பினாங்கில் இறங்கியதும் நோய்க்குப் பயந்து பக்கத்துத் தீவில் அடைத்து வைத்து உடம்பெல்லாம் மருந்து அடித்தார்கள். பிறகு தோட்டம்.

ரெண்டாம் வருஷம் ஆத்தா செத்துவிட்டதாகக் கடுதாசி வந்தது. அந்தக் கடுதாசியை நானே படித்துக்கொண்டேன்.

இங்கே தினமும் முந்நூறு மரத்தில் பால் எடுக்கிறேன். மரத்தில் பால் வருவது எனக்கு அதிசயம் இல்லை. வேம்புக்கு உள்ளே ஏதோ நோவு வந்தால் அப்படி வடியும் என்று வாத்தியார் சொன்னார். இருக்கலாம். ஆனால் அன்றைக்கு ஆத்தா கும்பிட்டது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பொய் நான் சேர்த்தது மட்டும்தான். அச்சில் இரண்டும் ஒரே வரியில் வந்துவிட்டது. பிரிக்க இப்போது யாராலும் முடியவில்லை.

6

பத்திரிகை படித்த மறுநாள் பேச்சி என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தபால் உறை.

"அண்ணே, எங்கண்ணனுக்கு ஒரு கடுதாசி எழுதணும். அந்த வேப்பமரத்துக்குப் போயி துன்னூறும் மரத்துப் பட்டையும் வாங்கி அனுப்பச் சொல்லு. தங்கச்சி கண்ணு விசயம், மறக்காமச் செய்யின்னு எழுது."

"டவுனுக்கு எப்பப் போற?"

"வரட்டும்ணே. வந்தப்புறம் பாத்துக்கிருவம். கத்தி வைக்கணுங்கிறாக. கண்ணுல கத்தி வச்சா யாருக்குப் பொழைக்கும்?"

"டிரசர் இந்த மாசமே போகச் சொன்னாருல்ல?"

"அவரு சொன்னது அவரு சொன்னது. இது அச்சுல வந்திருக்குல்ல. நீதான படிச்ச?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இந்தக் குறிப்பில் நான் எழுத வேண்டியது இந்த ஒரு இடம்தான். மற்றதெல்லாம் இதற்காகத்தான் எழுதினேன்.

நான் சொல்லவில்லை. ஊரில் என்றால் பேச்சி சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள். நான் இந்தப் பக்கம். இங்கே லயத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகை. என் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறாள். அண்ணே என்கிறாள். எனக்கு இங்கே இருக்கும் மரியாதை பத்திரிகை படிக்கிறவன் என்ற மரியாதை. அந்த வாயே பொய் வாய் என்று எப்படிச் சொல்ல? அது போய்விடும் என்று பயந்தேன்.

கடுதாசி எழுதினேன். நல்ல எழுத்தாக எழுதினேன். தபாலாபீசுக்கும் நானே கொண்டுபோனேன்.

கடுதாசி போய்ப் பதில் வர ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். கிராணி கொடுத்த சீட்டு அந்த மாசக் கடைசி வரைக்கும்தான் செல்லும். மாசக் கடைசி வந்தது. போனது. பேச்சி சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள்.

7

அதன் பிறகுதான் வாத்தியார் அந்தத் தலைப்பை எழுதிப் போட்டார். அவருக்கு இந்த விசயம் எதுவும் தெரியாது. நான் வெறும் தாளைக் கொடுத்த அன்று சாயங்காலமே பேச்சி வீட்டுக்குப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கல்லை விரலால் தடவிப் பொறுக்கினாள்.

"பேச்சி, அந்த மரம் எங்க தெரு மரம்."

"அப்படியா? சொல்லவே இல்லையேண்ணே! அப்ப நீ பாத்திருக்கியா?"

"கண்ணு தெரிஞ்சதாப் போட்டிருக்கே, அது எங்க ஆத்தா. அவளுக்குக் கண்ணு தெரியல. பேப்பருக்கு நான்தான் பொய் சொன்னேன்."

முறம் நின்றது.

"விளையாடாதண்ணே."

"எங்க ஆத்தா மேல சத்தியம்."

பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சீட்டை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"இது இன்னும் செல்லுமா, பாரு."

செல்லாது. எனக்குப் பார்க்காமலே தெரியும். மறுநாள் காலை கிராணியிடம் போனேன். ஏன் அப்போதே போகவில்லை என்று திட்டினார். டிரசர் எழுதித் தர வேண்டும் என்றார். டிரசரோ, துரை கையெழுத்து வேண்டும் என்றார். துரை வெளியூர் போயிருந்தார். எட்டு நாள் அலைந்தேன். கடைசியில் பேச்சியைப் பஸ்ஸில் ஏற்றி டவுனுக்குக் கூட்டிப்போனேன்.

ஆஸ்பத்திரியில் மலாயில் கேட்டார்கள். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, மாசம் என்று சொல்வதற்குப் பதில் நாள் என்று சொல்லிவிட்டேன். பத்து வருஷம் ஆகியும் எனக்கு அது தடுமாறும். டாக்டர் நம்பவில்லை. விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். பிறகு ஒரு தமிழ் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். ஒரு மாசத்துக்கு முன்னால் வந்திருந்தால் ஒரு கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். இனி வலிக்குத்தான் மருந்து.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி வந்துவிட்டது.

"பேச்சி, என்னைய நாலு வார்த்த திட்டிரு," என்றேன்.

"திட்டுனா வந்துருமா?"

கொஞ்ச தூரம் போன பிறகு அவளே சொன்னாள். "நீ சொன்னது பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்ணே. ஆனா இன்னொருக்கா அதப் பொய்யின்னு சொல்லாத. அதையும் எடுத்துட்டா நான் எத வச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

8

அவள் சொன்னதையும் நான் கேட்கவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சி அங்கே இல்லாத நேரம் பார்த்து எல்லோரிடமும் சொன்னேன். இனிப் பத்திரிகை படிக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

யாரும் அடிக்க வரவில்லை. அடித்திருந்தால் தேவலை. மாரி மட்டும் கேட்டான். "அப்ப இத்தன வருசமா எங்களுக்குப் படிச்சியே, அதுல எம்புட்டுப் பொய்யி?"

"படிச்சதுல ஒண்ணும் சேக்கல மாரி. இருந்தத அப்படியே படிச்சேன்."

"இருந்ததே உன்ன மாதிரி ஒருத்தன் சொன்னதுதான?"

வாத்தியார் கொடுத்த தலைப்புக்கு நான் எழுதக்கூடியதையெல்லாம் மாரி அந்த ஒரு கேள்வியில் சொல்லிவிட்டான்.

ஊர்ப் பத்திரிகைக்கும் ஒரு கடுதாசி போட்டேன். கண் தெரிந்ததாகப் போட்ட சேதி பொய், சொன்னவன் நான், மரத்துக்கு எங்கள் பக்கம் சுவர் இருக்கிறது என்று மூன்றே விசயம். மூன்று மாசமாக வரும் பத்திரிகையை எல்லாம் பின் பக்கம் வரை பார்த்துவிட்டேன். வரவில்லை. வேண்டாம் என்று வைத்துவிட்டார்களோ, கிடைக்கவே இல்லையோ. இந்தக் குறிப்பும் அப்படியே போகலாம். அச்சில் வந்தாலும் இதைப் படித்து இன்னும் நாலு பேர் வண்டி கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான் ஊர்ப் பெயரை எழுதவில்லை.

இதற்கு நடுவில் கல்லுப்பட்டியிலிருந்து பேச்சியின் அண்ணன் பொட்டலம் அனுப்பினான். திருநீறு, ஒரு துண்டுப் பட்டை. அவள் தினமும் கண்ணில் வைத்துக்கொள்கிறாள். ஸ்டோர் வேலை போய்விட்டது. மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொடுக்கிறார்கள். நானும் கொடுக்கிறேன். மற்றவர்கள் கொடுக்கும் அளவுதான் வாங்கிக்கொள்கிறாள். கூடப் போட்டால் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

பத்திரிகை இல்லாமல் ரெண்டு வாரம் தாங்கினார்கள். பிறகு வள்ளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் என்னைவிட நன்றாகப் படிக்கிறாள். திக்கல் இல்லை. ஊர்ப் பேர்களை மட்டும் தப்பாகச் சொல்கிறாள். நாகமலையை அவள் சொல்லும்போது எங்கோ ஒரு மலை மாதிரி இருக்கிறது.

நான் அந்தப் பக்கம் போவதில்லை. வீட்டிலேயே இருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை விறகு எடுக்கப் போய்விட்டுத் திரும்புகையில் லயத்து முனையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். புதுப் பத்திரிகை முடிந்துவிட்டது. எழுந்து போக வேண்டியவர்கள் போகவில்லை. பேச்சி மடியிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து வள்ளியிடம் கொடுத்தாள். நாலாம் பக்கத்திலிருந்து வெட்டி எடுத்த சேதி. வாராவாரம் கடைசியில் அதைப் படிக்க வேண்டுமாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வள்ளி என்னைப் பார்த்தாள். அவள் படிக்க ஆரம்பித்தாள்.

விறகோடு நின்றேன். காலடி கேட்டிருக்க வேண்டும். பேச்சி முகத்தை என் பக்கம் திருப்பினாள். சரியாக என் பக்கம் இல்லை, கொஞ்சம் தள்ளி.

"யாரு நிக்கிறது?"

"நான்தான்."

கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"உக்காருண்ணே," என்றாள். "நல்ல எடம் வருது."